காலாவதியான வெடிமருந்தைத் திறந்தவெளியில் எரித்தால் காற்றில் எஞ்சுவது என்ன?

வடகாற்று (கேள்வி):
காலங்கடந்த பீரங்கிக் குண்டுகளையும், குண்டை முன்தள்ளும் உந்துமருந்தையும் திறந்தவெளியில் எரித்தோ வெடிக்கச் செய்தோ அழிக்கும் வழக்கம் இராணுவங்களில் இன்றும் இருக்கிறது. “அந்த வெப்பத்தில் எல்லாமே கரியமில வாயுவாகவும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாறிவிடும்” என்ற விளக்கத்தைப் பலமுறை படித்திருக்கிறேன். வேதிச் சமன்பாட்டில் அது சரியாகத்தான் தெரிகிறது. அப்படியானால் இத்தகைய தளங்களின் காற்றுப்பாதையில் வாழ்பவர்கள் கண்ணெரிச்சல், மூச்சிரைப்பு என்று முறையிடுவது எதனால்? புற்றுநோய் வரை பேசப்படுகிறதே, அதற்கு எந்த அளவுக்கு ஆதாரம் உண்டு?

வேதிக்குடுவை:
அந்தச் சமன்பாடு, தூய பொருள் முழுமையாக எரிவதற்கு எழுதப்பட்டது. நடைமுறையில் இரும்புத் தட்டில் பரப்பிய உந்துமருந்து மணிகளுக்குத் தொலைவிலிருந்து தீ மூட்டுகிறார்கள். தீப்பிழம்பு தூணாக எழுந்து விரைவிலேயே அடங்கிவிடுகிறது. நடுவில் வெப்பத்துக்குக் குறைவில்லை, ஆனால் ஓரங்கள் காற்றுப் பட்டுக் குளிர்வதால், தட்டு ஆறிய பின் சாம்பலுக்கிடையே பாதி கருகிய மணிகள் கிடப்பதுண்டு. அந்த அரைகுறை எரிதலின் புகையும் கரித்துகளும் மேலே போய்விட்டன என்பதை யாரும் கணக்கில் கொள்வதில்லை.

பொருளும் தூயதன்று. எம்6 என்ற பீரங்கி உந்துமருந்தில் நைட்ரோசெல்லுலோசுடன் ஏறத்தாழ 10 விழுக்காடு டைநைட்ரோடொலுவீன் என்ற நச்சுச் சேர்மமும் இருக்கிறது. ராக்கெட் எரிபொருளிலுள்ள அம்மோனியம் பெர்குளோரேட் எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயு வெளிவரும். தோட்டாக்களின் பற்றவைப்புக் கலவையில் ஈயச் சேர்மங்கள் உண்டு. ஈயம் ஒரு தனிமம் என்பதால் எந்த வெப்பமும் அதை இல்லாமல் செய்துவிடாது, நுண்துகளாக்கிப் பரப்பத்தான் செய்யும்.

மூச்சியல்:
மருத்துவன் என்ற முறையில் உடல்நலம் பற்றிய கேள்விகளுக்கு வருகிறேன். உலக சுகாதார அமைப்பு 2021இல் பி.எம். 2.5 துகளுக்கு (நுரையீரலுக்குள் ஆழமாகப் போகும் நுண்துகள்) வகுத்த 24 மணி நேர வழிகாட்டு அளவு, ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். இரண்டு மணி நேரம் 120 மைக்ரோகிராமும் மீதி 22 மணி நேரம் 5 மைக்ரோகிராமும் இருந்ததாக வைத்துக்கொள்வோம்; நாள் சராசரி 14.6தான் வரும். அறிக்கை “வரம்புக்குள்” என்று சொல்லும். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் ஆஸ்துமாக்காரர் மூச்சுக்குத் திணறியிருக்கலாம். புகையிலுள்ள நைட்ரஜன் டைஆக்சைடு மூச்சுக்குழாயை உறுத்துவதையும் சேர்த்துப் பார்த்தால், மக்களின் முறையீட்டுக்கும் அளவீட்டுக்கும் முரண்பாடு தோன்றுவது வியப்பன்று. எனவே மணிவாரியான அளவுகளைக் கேட்க வேண்டும். சராசரி மட்டும் காட்டுபவரை நான் நம்புவதில்லை.

புற்றுநோயைப் பொறுத்தவரை நிதானம் தேவை. வெளிக்காற்று மாசை, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பதென்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2013இல் வகைப்படுத்தியது. டைநைட்ரோடொலுவீனின் 2,4 வடிவத்தை அது “விளைவிக்கக்கூடும்” என்ற தாழ்ந்த வகுப்பில் வைத்திருக்கிறது. ஆனால் ஒரு குறிப்பிட்ட தளத்தின் புகையால்தான் ஒரு குறிப்பிட்ட ஊரில் நோய் வந்தது என்று நிறுவுவது மிகக் கடினம்: மக்கள்தொகை சிறியது, நோய் வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகும், அதற்குள் பலர் இடம் மாறிவிடுவார்கள். நிறுவ முடியவில்லை என்பதைத் தீங்கில்லை என்று படிப்பதும் தவறு.

நெடுவழி:
எரிக்கவே கூடாது என்று முடித்துவிடவும் இயலாது. உந்துமருந்து சிதையாமல் காக்கச் சேர்க்கப்படும் நிலைப்படுத்தி தீர்ந்துபோனால் அந்த மருந்து தானாகவே பற்றிக்கொள்ளக்கூடும்; கிடங்கில் வைத்திருப்பதும் ஆபத்துதான். அமெரிக்காவின் லூசியானாவில், கேம்ப் மிண்டன் வளாகத்தில் 2012 அக்டோபரில் வெடிவிபத்து நிகழ்ந்த பின், அங்கே ஏறத்தாழ 6,800 டன் எம்6 முறையின்றிக் குவிந்திருந்தது தெரியவந்தது. திறந்தவெளியில் எரிக்கும் திட்டத்தைச் சுற்றுப்புற மக்கள் எதிர்த்தனர். இறுதியில் புகையை வடிகட்டும் மூடிய எரிகலத்தில் வைத்து, 2017இல் எரித்து முடித்தார்கள்.

அந்நாட்டின் 1980ஆம் ஆண்டு விதியே, வேறு வகையில் பாதுகாப்பாக அழிக்க இயலாத வெடிமருந்துக் கழிவுக்கு மட்டும் திறந்தவெளி எரிப்பில் விலக்கு அளித்தது. இன்றைய படைக்கலங்கள் அனேகமாக எல்லாவற்றுக்கும் மாற்று முறைகள் உண்டென்று அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் குழு 2018இல் சொல்லிவிட்டது. ஆகவே, விலக்கைக் கோருபவர்தான் மாற்று வழி ஏன் பொருந்தாது என்பதை ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் விளக்க வேண்டும் என்பது என் கருத்து.

வடகாற்று:
நன்றி. புகைப்பாதையிலுள்ள குழந்தைகளுக்கு ஈயப் பரிசோதனை செய்வதால் பயன் உண்டா?

மூச்சியல்:
உண்டு, தாமதிக்காமல் செய்தால். இரத்தத்திலுள்ள ஈயம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகக் குறைந்துவிடும்; எஞ்சியதில் பெரும்பங்கு எலும்பில் படிந்துவிடுவதால், எரிப்பு நின்று பல மாதங்கள் கழித்து எடுத்த பரிசோதனை, முன்பு உடலில் சேர்ந்ததைக் குறைத்தே காட்டும். எரிப்பு நடந்த சில வாரங்களுக்குள் இரத்தம் எடுங்கள். வீட்டுச் சன்னல் விளிம்பில் படிந்த தூசியையும் சேர்த்தே சோதியுங்கள். தவழும் வயதுக் குழந்தைக்குக் காற்றைவிடக் கையில் ஒட்டிய தூசி வழியாகவே ஈயம் அதிகம் உள்ளே போகும்.