ஜப்பானில் ஒரு வீட்டில் தங்கி மூன்று வாரம் பாடம் நடத்தப் போகிறேன், என்ன தயார் செய்ய?

காவிரிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், திருச்சி. கல்லூரியிலிருந்து நவம்பரில் இரண்டு பேரை ஒகயாமா பக்கம் ஒரு தொடக்கப் பள்ளிக்கு மூன்று வாரம் அனுப்புகிறார்கள், அதில் நானும் ஒருத்தி. விடுதி கிடையாது, ஆளுக்கொரு வீடு. எனக்குக் கிடைத்த வீட்டில் அப்பா, அம்மா, பாட்டி, நான்காம் வகுப்புப் பையன். விசா, டிக்கெட் எல்லாம் கல்லூரி பார்த்துக்கொள்கிறது, அதில் கவலை இல்லை.

நான் சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவேன். படிவத்தில் வெஜிடேரியன் என்று எழுதிக் கொடுத்தாயிற்று, அது போதுமா? அம்மா இப்போதே இரண்டு கிலோ பருப்புப்பொடிக்கு ஏற்பாடு செய்கிறார். அந்த வீட்டுக்குப் பரிசாக என்ன கொண்டுபோகலாம்? மூன்று வாரத்தில் நான்கு பாடம் நான் எடுக்க வேண்டும், இரண்டு என் விருப்பம். ஜப்பானிய மொழியில் அரிகாதோ தாண்டி ஒன்றும் தெரியாது. இணையத்தில் தேடினால் குனிந்து வணக்கம் சொல்வது எத்தனை டிகிரி என்றெல்லாம் பட்டியல் போட்டுப் பயமுறுத்துகிறார்கள்.

ஒசாகா_வாசி:

வாழ்த்துகள் தங்கச்சி. டிகிரி கணக்கை மறந்துவிடுங்கள், வெளிநாட்டுக்காரர் எத்தனை டிகிரி குனிகிறார் என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. உண்மையான சிக்கல் அந்தப் படிவத்தில்தான் இருக்கிறது.

இங்கே வெஜிடேரியன் என்றால் பலருக்கும் இறைச்சித் துண்டு கண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான். மிசோ சூப், வேகவைத்த கீரை, பூசணிக்காய், உதோன் நூடுல்ஸ், எல்லாவற்றுக்கும் அடித்தளம் தாஷி என்ற சாறு. அது பெரும்பாலும் கட்சுவோபுஷியைப் போட்டு எடுத்தது. கட்சுவோபுஷி என்றால் என்ன என்று அம்மாவிடம் ஒரே வார்த்தையில் சொல்லலாம்: மாசிக்கருவாடு. அதே சூரை மீன், அதே மாதிரி வேகவைத்துப் புகைபோட்டுக் காயவைத்துக் கட்டை போல ஆக்கியது. நான் வந்த முதல் ஆண்டு முழுக்க அது தெரியாமல் சைவம் என்று சொல்லிக்கொண்டே குடித்திருக்கிறேன், இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. கொம்பு என்ற கடற்பாசியிலும் காய்ந்த ஷீத்தாக்கே காளானிலும் தாஷி எடுப்பார்கள், அது உங்களுக்கு ஆகும். அதனால் இப்போதே அந்த வீட்டுக்கு எழுதுங்கள்: இறைச்சி, மீன் இல்லை, மீன் தாஷியும் இல்லை, முட்டை, பால், டோஃபு, கொம்பு தாஷி சரி. ஆகாததை மட்டும் எழுதினால் அந்த அம்மா மூன்று வாரமும் பயந்து சமைப்பார், ஆவதையும் எழுதுங்கள். உங்களை எப்படிக் கவனிப்பது என்ற பதற்றம் உங்களைவிட அவர்களுக்குத்தான் அதிகம்.

பள்ளி மதிய உணவு தனிக்கதை. பிள்ளைகளே வெள்ளை மேலங்கி போட்டுப் பரிமாறி, ஆசிரியரும் வகுப்பிலேயே உட்கார்ந்து எல்லோரும் ஒரே சாப்பாடு. அதில் உங்களுக்குச் சோறும் பாலும்தான் மிஞ்சும், டப்பா கட்டிக்கொண்டு போக அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பருப்புப்பொடி தாராளமாக எடுத்து வரலாம், ஆனால் இங்கே அரிசி குட்டையாகப் பிசுபிசுவென்று இருக்கும், பொடி நம் ஊர்ச் சோற்றில் போல உதிரியாகக் கலக்காது. கடை நல்லெண்ணெய் எள்ளை வறுத்துப் பிழிந்தது, வாசனை தூக்கலாக இருக்கும், ஒரு சின்னப் பாட்டில் கையோடு கொண்டு வாருங்கள். பச்சைக் கறிவேப்பிலை, காய், பழம் பெட்டியில் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். சளி மாத்திரை சிலவற்றில் சூடோஎபிட்ரின் இருக்கும், அது 10 விழுக்காட்டைத் தாண்டினால் ஜப்பானுக்குள் கொண்டுவரவே கூடாது. அட்டையின் பின்பக்கம் படித்துப் பாருங்கள்.

போய்_வந்தவள்:

நானும் இப்படித்தான் ஒரு வீட்டில் தங்கினேன், ஊர் வேறு. குளியல் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் சொல்கிறேன். தொட்டிக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுக்கக் கழுவிய பிறகுதான் தொட்டிக்குள் இறங்க வேண்டும், அது அழுக்கு போவதற்கு இல்லை, சூடு ஏறுவதற்கு. அதே தண்ணீரில் வீடே வரிசையாக இறங்கும். விருந்தாளி என்று என்னை முதலில் அனுப்பினார்கள். நான் நல்ல பிள்ளையாகக் குளித்து முடித்து அடைப்பானை இழுத்து, தொட்டியையும் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தேன். எனக்குப் பின்னால் நான்கு பேர் காத்திருந்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அந்தப் பாட்டி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மறுநாள் அடைப்பான் பக்கத்தில் அதை இழுக்கும் கையின் படம் ஒட்டியிருந்தது, குறுக்கே சிவப்புக் கோடு! அதற்கு அப்புறம்தான் அந்த வீட்டில் எல்லோரும் என்னோடு சகஜமாகப் பேசினார்கள்.

செருப்பு விஷயத்தில் நமக்குப் பாதிக் கஷ்டம் இல்லை, வாசலில் கழற்றிப் பழகியவர்கள்தானே. கழிப்பறைக்குத் தனிச் செருப்பு, அதைப் போட்டுக்கொண்டே கூடத்துக்கு வந்துவிடுவோம் (வந்தேன்). பள்ளிக்கு உள்ளே மட்டும் போட சுத்தமான காலணி ஒன்று தனியாக வேண்டும். சோற்றில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தாதே, குச்சியிலிருந்து குச்சிக்குப் பண்டம் மாற்றாதே, இரண்டும் சாவு வீட்டுச் சடங்கு. நம்மிடம் வாய்க்கரிசி போல என்று நினைத்துக்கொண்டால் மறக்காது.

நவம்பர் கடைசியில் வீட்டுக்குள் குளிரும். ஒரு அறையில்தான் ஹீட்டர், நடைவழி ஐஸ். ஸ்வெட்டரைவிட உள்ளே போடும் தெர்மலும் தடித்த சாக்ஸும்தான் உதவின. 100 வோல்ட், தட்டையான இரண்டு முள் பிளக், போன் சார்ஜர் ஓடும், நம் ஊர்க் கெட்டில் ஓடாது.

மதிய உணவுக்குப் பிறகு பிள்ளைகளே வகுப்பைப் பெருக்கித் துடைப்பார்கள். நம் ஊரில் பிள்ளை துடைப்பம் பிடித்தால் மறுநாள் செய்தி. நீயும் ஒரு துணியை வாங்கித் துடை, கைபேசியை எடுத்துப் படம் பிடிக்காதே. பிள்ளைகள் முகத்தை எங்கும் போட வேண்டாம்.

சாக்பீஸ்:

முப்பது வருடம் கணக்கு வாத்தியார், இப்போது ஓய்வு. ஜப்பான் போனதில்லை, ஆனால் அவர்கள் வகுப்புக் காணொளிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பாடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன் அம்மா.

தொடக்கப் பள்ளியில் ஒரு பாடவேளை 45 நிமிடம். அங்கே நல்ல ஆசிரியர் கரும்பலகையை நடுவில் அழிப்பதில்லை, இடது ஓரத்தில் இன்றைய கேள்வி, நடுவில் பிள்ளைகள் சொன்ன வழிகள், வலது ஓரத்தில் முடிவு, மணி அடிக்கும்போது முழுப் பாடமும் பலகையில் நிற்கும். நீ பாடக்குறிப்பு எழுதும்போது பலகை கடைசியில் எப்படி இருக்கும் என்று ஒரு தாளில் வரைந்து எடுத்துப் போ, உன் வழிகாட்டி ஆசிரியருக்கு மொழி இல்லாமலே புரிந்துவிடும். பின்னால் மற்ற ஆசிரியர்கள் நின்று குறிப்பெடுத்தால் பயப்படாதே, சேர்ந்து பார்த்துச் சேர்ந்து பேசுவது அங்கே வழக்கம்.

விருப்பப் பாடத்துக்குக் கோலம் எடு. கலாச்சாரம் காட்டுகிறேன் என்று பட்டுப்புடவைப் படம் போடாதே, பிள்ளைகளைக் கணக்குப் போட வை. 1, 3, 5, 3, 1 என்று நேர்ப்புள்ளி வை, மொத்தம் 13. நடு வரிசை 7 ஆனால் எத்தனை? வரிசையாகக் கூட்டினால் 25. தாளைச் சாய்த்துப் பார்க்கச் சொல், இரண்டு சதுரம் ஒன்றுக்குள் ஒன்று தெரியும்: 9-ம் 4-ம் சேர்ந்து 13, 16-ம் 9-ம் சேர்ந்து 25. ஒரு பிள்ளையாவது கண்டுபிடிக்கும், அது பலகைக்கு வந்து வட்டம் போடட்டும், நீ வாய் திறக்காதே. இரண்டாம் வகுப்புக்குப் போனால் அங்கே இலையுதிர் பருவத்தில் பெருக்கல் வாய்ப்பாடு பாட்டாகச் சொல்வார்கள், குக்கு என்று பெயர். நம் வாய்ப்பாட்டை நீ ஒரு வரி சொல்லிக் காட்டு.

காவிரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி! படிவத்தை மாற்றி நேற்றே எழுதினேன், இரவே பதில் வந்துவிட்டது, கொம்பு படத்தோடு. பரிசுக்குத் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை யோசிக்கிறேன், உடையுமோ? பள்ளிக்குக் கடலை மிட்டாய் கொண்டுபோகலாமா?

ஒசாகா_வாசி:

பொம்மை அருமை, இங்கேயும் தள்ளினால் எழுந்து நிற்கும் தருமா உண்டு, பாட்டி உடனே பிடித்துக்கொள்வார். சாக்ஸுக்குள் சுருட்டிக் கைப்பையில் வையுங்கள். கடலை மிட்டாய் ஆசிரியர் அறைக்கு மட்டும், ஒவ்வொன்றும் தனித்தனிக் காகிதத்தில் சுற்றியதாக, கடலை என்று எழுதி. பிள்ளைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம், ஒவ்வாமை விஷயத்தில் பள்ளிகள் ரொம்பக் கறார். ஒகயாமா போனால் கிபிதாங்கோ என்ற இனிப்பு உருண்டை தருவார்கள், கிபி என்பது நம் பனிவரகு, சைவம்தான், சாப்பிடுங்கள்.

காவிரிக்கரை:

சரி அண்ணா. அம்மாவிடம் பொடியை அரைக் கிலோவாகக் குறைக்கச் சொன்னேன். ஒன்றரைக்கு வந்திருக்கிறார், பேச்சுவார்த்தை தொடர்கிறது.