ரெண்டும் வராது என்றேன், ஒன்று வரும் என்று காத்திருந்தார்கள்: இங்கிலீஷ் ஜோடிச் சொற்களில் மாட்டிய அனுபவங்கள்

மண்டபம் நண்டுக்காரன்:

ஆறு வருடம் ஆகிவிட்டது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. கார்த்திகை கடைசி, புயல் எச்சரிக்கை, பாம்பனிலிருந்து ஒரு படகும் போகவில்லை. நான் அப்போது மீன் வாங்கி அனுப்பும் கம்பெனி ஒன்றில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். தூத்துக்குடியில் சரக்கு எடுப்பவர்களுக்கு அவசரமாக ஒரு மெயில் தட்டினேன். 'போத் த க்ராப் அண்ட் த ஸ்குவிட் வில் நாட் ரீச் டுமாரோ.' நான் நினைத்தது, நண்டும் வராது, கணவாயும் வராது. அவர்கள் படித்தது, ரெண்டும் சேர்ந்து வராது, ஏதோ ஒன்று வரும்.

மறுநாள் ராத்திரி பதினொரு மணிக்கு போன். எடுத்தவுடன் 'விச் ஒன் இஸ் கமிங்?' என்று கேட்டார். எனக்குக் கேள்வியே புரியவில்லை. பின்னால் பெண்கள் பேசும் சத்தம் கேட்டது. சுத்தம் செய்ய வரச்சொல்லி, சாயங்காலத்திலிருந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தச் சத்தம்தான் இன்னும் காதில் இருக்கிறது. சரக்கு வராத நாளில் அவர்களுக்கு என்ன கூலி கொடுத்தார்களோ, நான் கேட்கவும் இல்லை.

'இதுவும் இல்லை, அதுவும் இல்லை' என்பதற்கான நைதர், நார் எனக்குத் தெரியாத சொற்கள் இல்லை. பள்ளியில் கோடிட்ட இடத்தில் எத்தனையோ முறை நிரப்பியிருக்கிறேன். அவசரம் என்று வந்தால் கை நம்முடைய 'உம்'மைத்தான் தேடுகிறது, 'நண்டும் கணவாயும்' என்றால் போத், அண்ட் என்று தானாக வந்து விழுகிறது. கூடவே 'வராது' வரும்போது அந்த போத் உடைந்துபோகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கீழக்கரை மகள்:

அண்ணே, உங்களுக்குச் சரக்கு, எனக்கு உம்மா. துபாயில் உம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். நான்தான் மொழிபெயர்ப்பு. காலையில் நர்ஸ் வந்து, 'ஹேவ் யூ ஈதர் ஈட்டன் ஆர் ட்ரங்க் எனிதிங் சின்ஸ் மிட்நைட்?' என்று ஒரே மூச்சில் கேட்டார். நான் உம்மாவிடம் 'ராத்திரிக்கு அப்புறம் எதுவும் சாப்பிட்டீங்களா?' என்று கேட்டேன். 'இல்லை' என்றார்கள். நானும் 'நோ' என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஒரு நோ ரெண்டுக்கும் சேர்த்துப் போய்விட்டது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, 'சுபுஹு தொழுதுட்டு டீ குடிச்சதோட சரி, பசிக்குதுமா' என்றார்கள். பால் டீ. நான் ஓடிப்போய்ச் சொன்னேன், ஆபரேஷனை மறுநாளுக்குத் தள்ளி வைத்தார்கள். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே ஏறி நுரையீரலுக்குப் போய்விடலாம், அதனால்தான் தண்ணீர்வரைக்கும் கேட்கிறார்கள் என்று அப்புறம் அந்த நர்ஸே பொறுமையாகச் சொன்னார்.

ஈதர் என்று காதில் விழுந்தால் பின்னால் இன்னொன்று வருகிறது என்று அர்த்தம், அதுவரை வாயைத் திறக்கக்கூடாது என்று அன்றைக்குப் பட்டது. எழுத்தில் இருந்தால் கண் பார்த்துவிடும். பேச்சில் குரலைத்தான் பிடிக்கணும். 'டீ ஆர் காஃபி?' என்பதிலேயே டீயில் குரல் ஏறி காஃபியில் இறங்கினால் ஒன்றைச் சொல்லு என்று கேட்கிறார்கள். கடைசிவரை ஏறிக்கொண்டே போனால் ஏதாவது வேணுமா என்று மட்டும் கேட்கிறார்கள், அதற்கு எஸ் என்றாலும் சரிதான்.

சாயல்குடி 87:

மண்டபம் அண்ணன் சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. போத் போட்டு நாட் போடுவது இலக்கணத் தப்பு இல்லை, ரெண்டு விதமாகப் படிக்க இடம் கொடுக்கும், அவ்வளவுதான். புயல் என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் அந்த போனே வந்திருக்காது.

என் கதை சின்னது. மதுரையில் ஒரு வேலைக்கான நேர்முகத்தேர்வு. எந்த ஊரில் வேலை பார்ப்பாய் என்று கேட்டதற்கு 'ஈதர் ராமநாதபுரம் ஆர் பரமக்குடி ஆர் மதுரை' என்றேன். நடுவில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஈதர் ரெண்டுக்குத்தான் வரும், மூன்றுக்கு வராது என்றார். அதற்கு மேல் எனக்கு வாயே வரவில்லை, வேலையும் கிடைக்கவில்லை. அப்புறம் அகராதியைப் பார்த்தால் ரெண்டு அல்லது அதற்கு மேல் என்றே போட்டிருக்கிறது.

நைதரும் அப்படித்தான். நியூயார்க்கில் பெரிய தபால் நிலையக் கட்டிடத்தின் நெற்றியில் 'நைதர் ஸ்நோ நார் ரெய்ன் நார் ஹீட் நார் க்ளூம் ஆஃப் நைட்' என்று செதுக்கியிருக்கிறார்கள், பனியும் மழையும் வெயிலும் இருட்டும் தபால்காரனை நிறுத்தாது என்று. ஒரு நைதருக்கு எத்தனை நார், எண்ணிக்கொள்ளுங்கள். அந்தக் கட்டிடம் திறந்தது 1914இல், நம்முடைய பழைய பாம்பன் ரயில் பாலம் திறந்த அதே வருடம்.

எழுதும்போது இதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 'நைதர் த ஓனர் நார் த வொர்க்கர்ஸ்' என்றால் அடுத்து ஹேவ் வரணும், 'நைதர் த வொர்க்கர்ஸ் நார் த ஓனர்' என்று திருப்பிப் போட்டால் ஹேஸ். வினைக்குப் பக்கத்தில் யார் இருக்கிறாரோ அவருக்குத்தான் பொருந்தணும். அப்புறம் 'ஹி நாட் ஒன்லி செல்ஸ் க்ராப் பட் ஆல்ஸோ ஸ்குவிட்' என்று எழுதாதீர்கள். முதல் பாதிக்குப் பின்னால் விற்பது, ரெண்டாம் பாதிக்குப் பின்னால் கணவாய், தராசு சாய்ந்துவிடுகிறது. செல்ஸை முன்னால் நகர்த்தி 'ஹி செல்ஸ் நாட் ஒன்லி க்ராப் பட் ஆல்ஸோ ஸ்குவிட்' என்றால் ரெண்டு தட்டிலும் மீன்தான். பேச்சில் அவ்வளவு கண்டிப்பு கிடையாது, ஆல்ஸோவை இங்கிலீஷ்காரர்களே விட்டுவிடுகிறார்கள். ஆல்தோ போட்டால் பட் போடாதீர்கள். 'மழை பெய்தாலும், ஆனால் போனோம்' என்று நாம் சொல்வோமா? பெய்தாலும் என்பதிலேயே வேலை முடிந்துவிட்டது. போத் போட்டால் அண்ட்தான் வரும், அஸ் வெல் அஸ் வராது. வெதர் (whether) போட்டு நேராகக் கேள்வி கேட்கவும் கூடாது. 'வெதர் யூ வில் கம்?' என்று எழுதினால் அது பாதிக் கேள்விதான்.

மண்டபம் நண்டுக்காரன்:

தம்பி, நீங்கள் சொன்னது எல்லாம் சரியாகவே இருக்கட்டும், குறித்தும் வைத்துக்கொள்கிறேன். ஆனால் புயல் என்று எழுதியிருக்கலாமே என்று இப்போது சொல்வது சுலபம். புயல் தூத்துக்குடிக்கும்தான் தெரியும். அதனால்தான் நான் எழுதவில்லை. எச்சரிக்கை வந்தும் நாட்டுப்படகு ஒன்றிரண்டு கரையோரம் போய் நண்டு கொண்டுவருவது உண்டு, அதை நம்பித்தான் அவர்கள் ஒன்று வரும் என்று எடுத்துக்கொண்டார்கள். நைதர் ஒன்றுதான் அதை அடைத்திருக்கும்.

தொண்டி டீச்சர்:

நான் பள்ளியில் இங்கிலீஷ் எடுக்கிறேன். 'நோ சூனர்… தேன்' (no sooner… than) நடத்திக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்குத் தெரிந்ததாக இருக்கட்டும் என்று நானே ஒரு வாக்கியம் கட்டினேன். 'நோ சூனர் ஹேட் மை ஃபாதர் ரீச்ட் த ஷோர் தேன் இட் பிகேன் டு ரெய்ன்.' மூன்றாவது பெஞ்சில் ஒரு பிள்ளை எழுந்து, 'டீச்சர், அப்பாதான் கரைக்கு வந்துட்டாரே, அப்புறம் ஏன் முதல்லயே நோ போடறோம்?' என்று கேட்டது.

பாடத்தை முடிக்கிற அவசரம். அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணிக்கோ என்றேன். பிள்ளை உட்கார்ந்துவிட்டது. அதன் அப்பா விசைப்படகில் போகிறவர் என்று எனக்குத் தெரியும். அப்பா, கரை என்று வருகிற வாக்கியத்தின் முதல் சொல்லே இல்லை என்று இருந்தால் அந்தப் பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்கு நான் யோசிக்கவே இல்லை.

சாயங்காலம் வீட்டில் என் மாமியார், 'பாலை அடுப்புல வச்சேனோ இல்லையோ, கரண்ட் போயிருச்சு' என்றார்கள். கையில் இருந்த பாத்திரத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். வைத்தேனோ இல்லையோ! நம்மிடமும் ஒரு 'இல்லை' இருக்கிறது. பாலை வைக்கவில்லை என்று அதற்கு அர்த்தமா? இல்லையே. வைத்ததற்கும் கரண்ட் போனதற்கும் நடுவில் இடைவெளி இல்லை என்றுதான் அர்த்தம், நோ சூனரில் இருக்கிற நோவும் அதே வேலையைத்தான் செய்கிறது. 'அப்பா கரையில் கால் வைத்தாரோ இல்லையோ, மழை பிடித்துக்கொண்டது' என்று சொல்லியிருந்தால் அந்த வகுப்பு முழுக்கத் தலையாட்டியிருக்கும். சூனர் என்பது ஒப்பிடுகிற சொல், அதனால் தேன் வருகிறது, அதே அர்த்தம் தருகிற ஹார்ட்லியில் ஒப்பீடு இல்லை, அதனால் வென் வருகிறது என்பதையும் அதே மூச்சில் சொல்லியிருக்கலாம். வருடாவருடம் நோ சூனருக்கு வென் போட்டு மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

மறுநாளிலிருந்து தேர்வு விடுமுறை. அந்தப் பிள்ளை இப்போது காரைக்குடியில் கல்லூரியில் படிக்கிறதாம். இப்போதெல்லாம் 'இல்லையோ'வில்தான் பாடத்தையே ஆரம்பிக்கிறேன். கேட்ட பிள்ளைக்கு மட்டும் சொல்லவில்லை.

தங்கச்சிமடம் வேன்:

டீச்சர் எழுதியதைப் படித்த பிறகுதான் நானும் எழுதலாம் என்று தோன்றியது. எனக்கு இலக்கணம் எதுவும் தெரியாது. 2017இல் தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு ரோடு போடுவதற்கு முன்னால் மணலில் தண்ணீருக்குள் வேன் ஓட்டினவன். வெளிநாட்டுக்காரர்களுக்குச் சொல்ல ஒரு வாக்கியம் மனப்பாடமாக வைத்திருந்தேன். 'நாட் ஒன்லி த ட்ரெய்ன் பட் ஆல்ஸோ த சர்ச், த போஸ்ட் ஆபீஸ், த ஸ்கூல்.' 1964 டிசம்பர் 22 ராத்திரி, புயலில் பாம்பன் பாசஞ்சர் ரயில் அப்படியே கடலோடு போனதே, அதைத்தான்.

ஒரு தடவை வயதான அம்மா ஒருவர் தனியாக வந்தார். அதற்கு முந்தின மாதம்தான் எங்கள் அப்பா இறந்திருந்தார். இடிந்த சர்ச் பக்கத்தில் வேனை நிறுத்தி வழக்கம்போல 'நாட் ஒன்லி த ட்ரெய்ன்' என்று ஆரம்பித்தேன். அடுத்தது வரவில்லை. அப்பாவின் தங்கச்சி, எனக்கு அத்தை முறை, அந்த ராத்திரி போனவள், ஏழு வயது. அப்பா அவளைப் பற்றி எப்போதாவதுதான் பேசுவார். அந்த இடத்தில் அவள்தான் ஞாபகத்துக்கு வந்தாள்.

அந்த அம்மா காத்துக்கொண்டிருந்தார். அவர்களுக்கு அந்த முதல் பாதியைக் கேட்டுவிட்டால் மீதியைக் கேட்காமல் இருக்க முடியாது போல. காற்று மணலை அடிக்கிறது, கண்ணை மூடக்கூட இல்லை, என் முகத்தையே பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக, 'பட் ஆல்ஸோ?' என்று கேட்டார். மை ஃபாதர்ஸ் சிஸ்டர் என்று மூன்று வார்த்தைதான், எனக்கு அது தெரியாத இங்கிலீஷ் இல்லை. நான் 'த போஸ்ட் ஆபீஸ்' என்றேன். அவர் தலையாட்டினார், ஆனால் போஸ்ட் ஆபீஸ் பக்கம் திரும்பவே இல்லை.

இப்போது ரோட்டில் ஓட்டுகிறேன். சர்ச் வந்ததும் அதே வாக்கியம், அதே வரிசை. ட்ரெய்ன் என்று சொல்லி முடித்ததும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் மீதியைச் சொல்கிறேன்.