ஒரே மருதமரம், இரண்டு படங்கள்: நீர்நிழல் பொருந்தவில்லை

இரணைமடுக் குளத்தோரத்து மருதமரம் ஒன்றை இரு கோணங்களில் நீர்வர்ணத்தில் வரைகிறேன். ஏ3 அளவு, 300 கிராம் தாள். நீரோரம் குந்தியிருந்து வரைந்தது நன்றாக வந்திருக்கிறது. ஏறக்குறைய முழு மரமும் தலைகீழாக நீரில் விழுகிறது.

குளக்கட்டின் மேலிருந்து வரைவதில்தான் சிக்கல். மரம் கரையிலிருந்து சற்று உள்ளே நிற்கிறது. அதன் வெளிறிய, வழுவழுப்பான அடிமரம் நீரில் தெரிவதேயில்லை. கிளைகள் மட்டுமே தெரிகின்றன. அப்படியே வரைந்தால் படம் பிழையாகத் தோன்றுகிறது. மரத்தின் உயரத்தையே கீழ்நோக்கி அளந்து போட்டேன். அது இன்னும் மோசம். பார்ப்பவரின் கண் உயரத்தைக் காட்டும் கண்மட்டக் கோட்டை மாற்றினேன். காற்று எழுமுன் விடியலில் எடுத்த புகைப்படமும் கிளைகளை மட்டுமே காட்டுகிறது. தை மாதத்துக்குள் இரண்டையும் முடிக்க வேண்டும்.

உயரத்திலிருந்து பார்க்கும்போது நீர்நிழலில் அடிமரம் எவ்வளவு மறையும் என்பதைத் தாளிலேயே கோடு போட்டுக் கணிப்பது எப்படி?