எடை கூடவில்லை, வயிறு மட்டும் ஏன் பெருக்கிறது?

கடலோரன், பட்டர்வொர்த்:
அன்பர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 64. நாற்பது வயதில் இருந்த அதே 68 கிலோதான் இன்றும் இருக்கிறேன். ஆயினும், துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் கால்சட்டை இடுப்பில் இறுகுகிறது, தொடையில் தொளதொளக்கிறது; தண்ணீர்மலைக் கோயில் படிகளில் கைப்பிடியைப் பற்றாமல் ஏற முடிவதில்லை. இது வயதின் இயல்பா, நடமாட்டம் குறைந்ததன் விளைவா?

முன்னாள் இயன்மருத்துவர், ஜார்ஜ் டவுன்:
இரண்டும்தான், ஐயா. முப்பது வயதுக்குப் பின் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 8 விழுக்காடு தசை குறைகிறது. அறுபதைத் தாண்டியதும் அந்த வேகம் கூடுகிறது. குறைந்த தசையின் எடையைக் கொழுப்பு ஈடுகட்டிவிடுவதால், அதுவும் வயிற்றுக்குள் சேர்வதால், தராசு எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. விரைந்து சுருங்கும் தசை இழைகளே முதலில் மெலிகின்றன. ஆகவேதான் படியேறுவது சிரமமாகிறது. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர்ந்து பாருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசைத்திறன் குறைந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

செந்தூல் மருமகன்:
நடைப்பயிற்சி போதாதா? என் மாமா நாள்தோறும் தித்திவங்சா ஏரிப் பூங்காவில் நடக்கிறார். கால்கள் மெலிந்துகொண்டேதான் போகின்றன.

முன்னாள் இயன்மருத்துவர்:
நடை இதயத்துக்கு நல்லது, அதை விடவே வேண்டாம். ஆனால் சுமை ஏறாமல் தசை வளராது. 1990-இல் பாஸ்டனில், தொண்ணூறு வயதை ஒட்டிய, தளர்ந்த முதியவர்களுக்கு எட்டு வாரம் எடைப்பயிற்சி அளித்தபோது, அவர்களுடைய கால் வலிமை சராசரியாக இரண்டு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. எந்த வயதிலும் தசை பயிற்சிக்கு இணங்கும் என்பதை நான் உறுதியாக நம்புவதற்கு அதுவும் ஒரு காரணம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் நாற்காலிப் பயிற்சியில் தொடங்கி, பிறகு கையில் எடையைப் பிடித்துக்கொண்டு செய்யலாம். புரதமும் வேண்டும்: முதியவர்களுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம், அதாவது உங்களுக்கு நாளொன்றுக்கு 68 முதல் 82 கிராம். ரொட்டி சானாயும் பருப்புக் குழம்புமாகக் காலையில் பசியாறினால் அது கிட்டாது. முட்டை, தெம்பே (நொதிக்கவைத்த சோயாக் கட்டி), மீன் என மூன்று வேளைக்கும் பகிர்ந்து உண்ணுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது.

கடலோரன்:
நாற்காலிச் சோதனைக்கு 15 விநாடி ஆனது. இடுப்புச் சுற்றளவு 96 செ.மீ.

முன்னாள் இயன்மருத்துவர்:
நம் மலேசியாவில் ஆண்களுக்கு 90 செ.மீ.தான் எல்லை, ஐயா. உண்டபின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை ஏற்பது தசையே. அது குறைந்து வயிற்றுக் கொழுப்பும் கூடியிருப்பதால், பயிற்சியைத் தொடங்கும் முன் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.