கருவிகள் இல்லாத இடங்களில் இதய மறுவாழ்வை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கேள்வி:
வருமானம் குறைந்த நாடுகளில் மாரடைப்பிலிருந்து பிழைத்து வீடு திரும்பும் பலருக்கு, கார்டியாக் ரீஹேப் (இதய மறுவாழ்வு: உடற்பயிற்சி, மருந்து, அறிவுரை சேர்ந்த மீட்புத் திட்டம்) என்று ஒன்று இருப்பதே தெரியாது. டிரெட்மில் இல்லை, ஈசிஜி மானிட்டர் இல்லை. சுகாதாரப் பணியாளர்களை வைத்தே இதைக் கொண்டுபோக வேண்டும். எங்கே தொடங்குவது? எவ்வளவு நடக்கச் சொல்லலாம்?

பதில் 1:
வீட்டாரிடம் தொடங்குங்கள். நோயாளியை அசையவிடாமல் படுக்க வைப்பது பெரும்பாலும் அவர்கள் பயம்தான். மருத்துவர் அனுமதி கிடைத்ததும் ஆறு நிமிட நடைச் சோதனையை, அதாவது ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளப்பதை, அவர்கள் கண்முன்னே நடத்துங்கள். 30 மீட்டர் சமதளம், இரு முனையிலும் ஒரு கல், கடிகாரம், நாற்காலி, பிபி கருவி போதும். உட்கார்ந்திருக்கும்போதே நாடி 120-க்கு மேல், அல்லது பிபி 180/100-க்கு மேல் இருந்தால் அன்று வேண்டாம். பக்கத்திலேயே நடக்காதீர்கள், உங்கள் வேகத்துக்கு அவர் இழுபடுவார், அளவு தப்பிவிடும்.

பதில் 2:
நாடி எண்ணிக்கையை இலக்காகக் கொடுக்காதீர்கள். மெட்டோபிரலால், அட்டெனலால் போன்ற, இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை போடுபவருக்கு நாடி அவ்வளவாக ஏறாது. "இன்னும் போதவில்லை" என்று வேகத்தைக் கூட்டிவிடுவார். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. இந்த ஒரு விதி யாருக்கும் புரியும்.

முதலில் 5 முதல் 10 நிமிடம். சில வாரங்களில் மெல்ல 30 நிமிடம், வாரம் 5 நாள். சட்டென்று நிறுத்தினால் ரத்தம் காலில் தேங்கி, பிபி இறங்கி, தலைசுற்றும். அதனால் தொடக்கத்திலும் முடிவிலும் 5 நிமிடம் மெதுநடை கட்டாயம்.

நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் உடனே உட்கார வேண்டும். நாக்குக்கு அடியில் வைக்கும் நெஞ்சுவலி மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தால் உட்கார்ந்தபடியே வைக்க வேண்டும். நின்றபடி வைத்தால் மயங்கி விழலாம். 5 நிமிடத்தில் தணியாவிட்டால் ஆம்புலன்ஸ். பைபாஸ் ஆனவர் நெஞ்செலும்பு கூடும்வரை, அதாவது 6 முதல் 8 வாரம், கனம் தூக்கக் கூடாது.

பதில் 3:
மாத்திரையை விட்டுவிடாதீர்கள். ஸ்டென்ட் (ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்ததும் "அடைப்பு போயாச்சு" என்று, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரலைத் தாமாக நிறுத்துகிறார்கள். ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மறுபடி மாரடைப்பு வருவது இப்படித்தான். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "நாளைக்குக் காலையில் எந்த மாத்திரை, எதற்கு?" என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் நாம் சொன்ன விதம் சரியில்லை. மறுபடி வேறுவிதமாகச் சொல்ல வேண்டும்.

வசதி குறைந்த இடங்களுக்கென்றே ஐசிசிபிஆர் (இதயநோய்த் தடுப்பு, மறுவாழ்வுக்கான சர்வதேச அமைப்பு) 2016-ல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. பயிற்சித் திட்டம் எழுதும்முன் அதைப் படித்துவிடுங்கள்.