தம்பியின் லெப்டொப்

தம்பி: அக்கா, ஹட்டனில் ஒரு கடையில் என் பழைய விண்டோஸ் லெப்டொப்பில் அப்பிளின் மெக் சிஸ்டம் போட்டுத் தந்தார்கள். 6,000 ரூபாய். இப்போது வைஃபை பிடிக்கவில்லை, மூடித் திறந்தால் திரை கறுப்பாகவே நிற்கிறது.

சித்தி: ஐயோ, டியூஷன் காசா?

தம்பி: இல்லை சித்தி, நான் சேர்த்தது. அப்பிள்காரர்கள் அந்தச் சிஸ்டத்தை எல்லா லெப்டொப்புக்கும் விற்றால் என்ன? மைக்ரோசொப்ட் விண்டோஸை விற்கிறதே?

அக்கா: மைக்ரோசொப்டுக்கு அடுத்தவர் செய்யும் கணினியில் இருந்தும் காசு வரும். அப்பிளோ மெக்கில் கணினியை விற்றுத்தான் சம்பாதிக்கிறது. 2013 முதல் புது மெக் சிஸ்டத்துக்குத் தனியாகக் காசே வாங்குவதில்லை.

மாமா: எங்கள் தேயிலை பெக்டரியின் மார்க் மாதிரி. வேறு தோட்டத்துத் தூளை எங்கள் மார்க் போட்ட பையில் அடைக்க விட்டால், கொழும்பு ஏலத்தில் விலை விழுந்துவிடும்.

அக்கா: அதுவும் உண்டு மாமா. ஆனால் அவர்கள் பட்ட அடி வேறு. 1995இல் அப்பிளே மெக் சிஸ்டத்தோடு கணினி செய்து விற்க மற்றவர்களுக்கு உரிமம் கொடுத்துப் பார்த்தது. பவர் கம்பியூட்டிங், யூமெக்ஸ் எல்லாம் அப்படி உரிமம் வாங்கிய கம்பனிகள்தான். அந்தக் கம்பனிக்காரர்கள் விண்டோஸ் பாவிப்பவர்களை இழுத்து வருவார்கள் என்று அப்பிள் நம்பியது. அவர்களோ வேகமான மெஷினைக் குறைந்த விலைக்குக் கொடுத்து, மெக் வாங்கிக்கொண்டிருந்தவர்களையே கூட்டிக்கொண்டு போனார்கள்.

அக்கா: 1997இல் அப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜொப்ஸ் திரும்பி வந்து அதை நிறுத்தினார். பவர் கம்பியூட்டிங்கின் மெக் வியாபாரத்தை 10 கோடி டொலர் பெறுமதியான பங்குகள் கொடுத்து வாங்கினார்கள்.

மாமா: சொந்த மலைக் கொழுந்தை அடுத்த தோட்டத் தராசில் கொட்டிய கதை.

தம்பி: சரி, என் வைஃபை?

அக்கா: அப்பிள்காரர்கள் தங்கள் மொடல்களுக்குத்தான் டிரைவர், அதாவது கார்டு போன்ற பாகங்களை இயக்கும் மென்பொருள், எழுதுகிறார்கள். உன் வைஃபை கார்டை அங்கே யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். எல்லோருக்கும் விற்றால் சந்தையில் உள்ள அத்தனை கார்டுக்கும் அவர்களே பதில் சொல்ல வேண்டும். 2020 முதல் மெக்கின் சிப்பையும் அவர்களே வடிவமைக்கிறார்கள். அதனால் வேறு சிப் உள்ள லெப்டொப்பில் மெக் சிஸ்டம் போடும் இந்தக் குறுக்கு வழி எப்படியும் அடைபடும்.

சித்தி: அப்போ நம் பிள்ளைகள் எப்படித்தான் வாங்குவது?

அக்கா: அந்தக் கோபம் எனக்கும் இருக்கிறது சித்தி. அவர்கள் கணக்கு அவர்களுக்குச் சரி. லயத்துப் பிள்ளைக்கு அந்த விலை எட்டாது என்பதும் உண்மை. தம்பி, விண்டோஸையே திரும்பப் போடு. வீடியோ எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசொல்வ் இலவசமாகவே கிடைக்கிறது. ரேம் கூட்ட வேண்டி வரும், அதற்கு நான் காசு போடுகிறேன்.

மாமா: சனிக்கிழமை நானும் வருகிறேன். அந்தக் கடையில் பேசிப் பார்ப்போம்.

தம்பி: சரி மாமா. அதற்குள் போட்டோக்களை எல்லாம் பென்டிரைவில் எடுத்து வைக்கிறேன்.