செலேட்டட் நுண்ணூட்டம் அடிச்சவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

கேத்தி பீட்ரூட்:

போன போகத்துல மேட்டுப்பாளையம் மண்டியில நடந்தது இன்னும் மனசை விட்டுப் போகல. 42 மூட்டை பீட்ரூட் இறக்கியிருந்தேன். வெளியில பார்த்தா ஒரு குறை சொல்ல முடியாது, நல்ல உருட்டு, நல்ல நிறம். மண்டிக்காரர் ஒரு மூட்டைக்குள்ள கையை விட்டு ஒண்ணை எடுத்துக் குறுக்கே வெட்டினார். நடுவுல கருப்பு, தக்கை மாதிரி. ஒண்ணும் பேசல. வேற மூட்டையில இன்னொண்ணை எடுத்து வெட்டினார். அதுவும் கருப்பு. நாலு பாதியையும் என் கையில வெச்சுட்டு அடுத்த ஆள் சரக்கைப் பார்க்கப் போயிட்டார்.

நான் சத்து போடாம விட்டவன் இல்ல. 30-ம் நாள் ஒரு தடவை, 45-ம் நாள் ஒரு தடவை செலேட்டட் கலவை அடிச்சேன், அதாவது ஜிங்க் மாதிரி உலோகச் சத்தை இன்னொரு பொருள் பிடிச்சு வெச்சுக் கரையவே வெச்சிருக்கிற நுண்ணூட்டப் பொடி. ஜிங்க், இரும்பு, மாங்கனீஸ், காப்பர், போரான் எல்லாமே அந்தப் பாக்கெட்ல போட்டிருந்தது. கடையில "இது ஒண்ணு போதும்"னு சொல்லித்தான் கொடுத்தாங்க. விதைக்கு முன்னாடி சுண்ணாம்பும் தாராளமாப் போட்டேன். மண்ணு புளிப்பு, பி.எச். 4.9. இதே மாதிரி யாருக்காவது ஆயிருக்கா?

தாண்டிக்குடி காபி:

தம்பி, உங்களுக்குக் கிழங்கு போச்சு, எனக்கு இலை போச்சு. மழைக்கு முன்னாடி போர்டோ கலவை, அதான் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சாண மருந்து, அடிக்கிறது எங்க ஊர்ல வழக்கம். அந்த வருசம் ஆள் கிடைக்கல. ரெண்டு தடவை எதுக்கு ஏறி இறங்கணும்னு அதே டிரம்முலயே செலேட்டட் ஜிங்க்கையும் கொட்டிக் கலக்கி அடிச்சுப்புட்டோம். கலக்கும்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. வழக்கமா வெளிர்நீலமா இருக்குற கலவை அன்னைக்குக் கொஞ்சம் ஆழ்ந்த நீலமாத் தெரிஞ்சுச்சு. அப்பவே நிறுத்தியிருக்கணும்.

நாலாம் நாள் தோட்டத்துக்குப் போனேன். இளங்கொழுந்து ஓரமெல்லாம் நெருப்புல வாட்டுன மாதிரி கருகிக் கிடந்துச்சு. தொட்டா நொறுங்குது. எங்க அப்பா வெச்ச செடி. அந்த நொறுங்குற சத்தம் இன்னைக்கும் காதுல கேக்குது.

அப்புறம் காபி ஆராய்ச்சி நிலையத்துல விசாரிச்சேன். செலேட்டுல இருக்குற இ.டி.டி.ஏ.ங்கிற பொருள் நண்டு இடுக்கியால பிடிக்கிற மாதிரி உலோகத்தைப் பிடிச்சு வெச்சிருக்குமாம். ஆனா ஜிங்க்கை விடக் காப்பரை இன்னும் இறுக்கமாப் பிடிக்குமாம். போர்டோவுல காப்பர் கரையாம இலை மேல படிஞ்சு இருக்குறதுதான் அந்த மருந்தோட பாதுகாப்பே. நாம போட்ட செலேட்டு ஜிங்க்கை விட்டுட்டுக் காப்பரைக் கரைச்சு இலைக்குள்ள ஏத்திருச்சு. விடுபட்ட ஜிங்க் சுண்ணாம்போட சேர்ந்து அடியில படிஞ்சுபோச்சு. ரெண்டும் வீண்.

இப்ப மூணு வாரம் இடைவெளி விட்டு, செலேட்டட் ஜிங்க்கைத் தனியா லிட்டருக்கு 1 கிராம் அடிக்கிறேன். புது இலை அளவா வருது. செலேட்டு நல்ல சரக்குதான், கலக்குனதுதான் எங்க தப்பு.

கோத்தகிரி தேயிலை:

ரெண்டு பேருடையதையும் படிச்சேன். அண்ணா, நீங்க தனியா அடிச்சு நல்லா வந்ததுன்னு சொல்றீங்க, நம்புறேன். ஆனா அது ஜிங்க்குக்கு வந்த பலன், செலேட்டுக்கு இல்ல. என் கதையைச் சொல்லிடறேன். கவாத்துக்கு அப்புறம் எங்க தோட்டத்துல புது இலை சின்னதா, அரிவாள் மாதிரி வளைஞ்சு வந்தது. கணுவுக்குக் கணு நெருக்கம், எங்க பார்த்தாலும் பஞ்சி, அதாவது வளராம நின்னுபோன மொட்டு. வெறும் ஜிங்க் சல்பேட் அடிச்சோம். அடுத்த ரெண்டு சுற்றுப் பறிப்புல அம்மா கூடையை இறக்கி வெச்சுட்டு ஒரு கொழுந்தை விரல்ல நீட்டிப் பிடிச்சுக் காட்டினாங்க, நேரா இருந்தது. அவ்வளவுதான் கதை.

இப்போ கணக்கைப் பாருங்க. சாதாரண ஜிங்க் சல்பேட்ல 21 சதவீதம் ஜிங்க். மாவு மாதிரி இருக்கிற மோனோ ரகத்துல 33. இ.டி.டி.ஏ. ஜிங்க்ல 12-தான். செலேட்டோட அருமை எங்க தெரியும்னா சுண்ணாம்பு மண்ணுல. அங்கே பி.எச். எட்டைத் தாண்டும், சல்பேட்டைப் போட்டா மண்ணு அப்படியே கட்டிப்போட்டுடும். நம்ம மலைச் செம்மண் புளிப்பு. அதுல இரும்பு கொட்டிக் கிடக்கு. இ.டி.டி.ஏ. ஜிங்க்கை மண்ணுல ஊத்தினா, மண்ணுல கரைஞ்சிருக்கிற இரும்பு வந்து அந்த இடத்தைப் பிடிச்சுக்கும், ஜிங்க் வெளியே வந்துடும். காசு கொடுத்து இரும்புக்கு வண்டி ஏற்பாடு பண்ணின மாதிரி. அதனால நம்ம ஊர்ல செலேட்டை மண்ணுல ஊத்தாதீங்க, இலைக்கு மட்டும்தான்.

இலைக்கும் சல்பேட்டே போதும்னு நான் சொல்வேன். லிட்டருக்கு 5 கிராம் சல்பேட், கருகாம இருக்க 2.5 கிராம் நீர்த்த சுண்ணாம்பைக் கரைச்சு வடிகட்டிச் சேர்க்கணும். வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சிடணும். டி.ஏ.பி. உரம் கரைச்ச தண்ணியோட கலக்கவே கூடாது, பால் திரிஞ்ச மாதிரி ஆகி நாசிலை அடைக்கும். இளசான காய்கறி நாத்துக்கு, பூக்கிற பயிருக்கு மட்டும் செலேட்டை வெச்சுக்கலாம், அது இலையை அவ்வளவாச் சுடாது.

கேத்திக்காரருக்கு ஒரு வார்த்தை. உங்க கருப்பு போரான் குறை. போரான் உலோகம் இல்ல, அதை இ.டி.டி.ஏ. பிடிக்காது. செலேட்டட்னு எழுதின பாக்கெட்ல போரான் சும்மா கலந்துதான் இருக்கும். எத்தனை சதவீதம்னு பாருங்க.

தாண்டிக்குடி காபி:

தங்கச்சி, கணக்கு சரி. ஆனா சுண்ணாம்பைக் கரைச்சு, வடிகட்டி, டிரம்மைச் சரிவுல ஏத்தி, அடைச்ச நாசிலைக் கழட்டி ஊதி, இந்த ஆள் கூலியையும் சேர்த்துப் போடுங்க. எங்க காடு நிழல் மரத்துக்கு அடியில, செங்குத்துச் சரிவு. ஏக்கருக்கு ரெண்டு ஆள் மிச்சமாகுதுன்னா நான் செலேட்டுதான் வாங்குவேன். மண்ணுல ஊத்தக் கூடாதுங்கிறதை ஒத்துக்கிறேன்.

மன்னவனூர் உருளை:

நம்ம கதை சின்னது. உருளையில அடி இலை நரம்புக்கு நடுவுல மஞ்சளாச்சு. போட்டோவைக் காட்டினேன், இரும்புக் குறைன்னு சொல்லி இ.டி.டி.எச்.ஏ. இரும்பு கொடுத்தாங்க, அதுவும் ஒரு வகை செலேட்டுதான். விலை அதிகம். கரைச்சா ரத்தம் மாதிரி சிவப்பு, கையில பட்டது ரெண்டு நாள் போகல. அடி இலை பச்சையாகவும் இல்ல. அந்தச் சிவப்புக் கையைப் பார்த்துட்டுத்தான் பக்கத்துக் காட்டுத் தாத்தா கேட்டார், "கொழுந்துல மஞ்சளா, அடியிலயா?" அடியிலதான். இரும்புக் குறை முதல்ல கொழுந்துலதான் தெரியும், அது செடிக்குள்ள இடம் மாறாது. அடியில தெரிஞ்சா மெக்னீசியம். எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) அடிச்சோம், மஞ்சள் நின்னுச்சு. செலேட்டே தேவைப்படல.

கேத்தி அண்ணா, போரான் போடுறதா இருந்தா அடுத்த பயிர் என்னன்னு யோசிச்சுப் போடுங்க. பீட்ரூட் தாங்கும், பீன்ஸ் தாங்காது. கொஞ்சம் கூடினாலும் இலை ஓரம் கருகும்.

கேத்தி பீட்ரூட்:

கோத்தகிரி அக்கா சொன்னதும் பழைய பாக்கெட்டைத் தேடி எடுத்தேன். போரான் 0.5 சதவீதம். லிட்டருக்கு 1 கிராம், ஏக்கருக்கு 200 லிட்டர். ஆக ஒரு தடவைக்கு 200 கிராம் பொடி, அதுல போரான் 1 கிராம். ரெண்டு தடவைக்கு 2 கிராம். ஒரு ஏக்கர் பீட்ரூட்டுக்கு 2 கிராம்! ராத்திரி அந்தக் கணக்கை மூணு தடவை போட்டுப் பார்த்தேன். அதுக்குப் பதிலா மண்ணுல 4 கிலோ போராக்ஸ் (வெண்காரம்) போட்டா, அதுல போரான் 420 கிராம் இருக்கு. சுண்ணாம்பு அதிகமாப் போட்டா மண்ணுல இருக்கிற போரானும் வேருக்குக் கிடைக்காதாம், அது எனக்கு யாரும் சொல்லல.

கேத்தி பீட்ரூட்:

மூணு மாசம் கழிச்சு எழுதுறேன். இந்தத் தடவை சுண்ணாம்பை மண் பரிசோதனையில சொன்ன அளவோட நிறுத்திட்டேன். கடைசி உழவுல ஏக்கருக்கு 4 கிலோ போராக்ஸ், மணல்ல கலந்து வீசினேன். நேத்து காலையில பனி விலகுறதுக்கு முன்னாடியே போய், மண்டிக்காரர் வெட்டின மாதிரி குறுக்கே ஆறு கிழங்கு வெட்டினேன். அஞ்சு உள்ளே சுத்தமான சிவப்பு. மேட்டு ஓரத்துல பிடுங்கின ஒண்ணுல மட்டும் மிளகு அளவு கருப்பு. அந்த ஓரம் வரும்போது மணல் தீர்ந்துபோச்சு, ஞாபகம் இருக்கு.

அந்த அஞ்சு கிழங்கையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் மனைவிகிட்ட காட்டினேன். ஒண்ணும் பேசாம வாங்கி ஒவ்வொண்ணாத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. அடுத்து அந்தக் காட்டுல பீன்ஸ் போடல, முட்டைக்கோஸ்தான்.